ஒட்டுக்கு மேலே ஒரு கண்

பிப்ரவரி 9, ஞாயிறு

சீருடைப் பாவாடை ஆறு முடிந்தது. இன்னும் பதினான்கு. இடுப்பில் எலாஸ்டிக் வேண்டும் என்று பள்ளிக்கூடத்துக்கு இப்போதுதான் ஞாபகம் வந்ததாம். தைத்ததைப் பிரிக்க வேண்டும். பிரிக்கிற வேலைக்குத்தான் கண் அதிகமாக வலிக்கிறது.

எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் டீச்சர் துணி கொடுக்க வந்தாள். கேட் பாதிதான் திறக்கிறது. காகிதப்பூக் கொடி கொண்டியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. முள் கிழித்த கையை உதறிக்கொண்டே, "உங்க வீட்டுக்கு வரணும்னா ஹெல்மெட் போட்டுட்டுதான் வரணும் போல" என்றாள். சிரித்து வைத்தேன்.

"செடியெல்லாம் யார் பார்க்கிறது?"

"அக்கா. டிசம்பர்ல குளியலறையில வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு போச்சு. ஆபரேஷன் முடிஞ்சு பையன் வீட்ல இருக்காங்க."

"கூடப் பிறந்தவங்களா?"

"ஓரகத்தி. என் வீட்டுக்காரரோட அண்ணன் சம்சாரம்."

அவள் நம்பாத மாதிரி பார்த்தாள். புருஷன்மார் இரண்டு பேரும் போன பிறகும் ஓரகத்திகள் ஒரே வீட்டில் இருக்கிறார்கள் என்றால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். முப்பத்தோரு வருஷம். அம்மா வீட்டில் இருந்ததைவிட இவளோடு இருந்ததுதான் அதிகம்.

அடுத்த மாதம் அக்கா வருவாள். வரும்போது தோட்டம் பளிச்சென்று இருக்க வேண்டும். நானே செய்துவிடலாமே. நாற்பது வருஷமாக வெட்டுகிற கை.

பிப்ரவரி 11, செவ்வாய்

வெட்டிவிட்டேன்!

காலையில் டீயைக் குடித்ததும் ஆரம்பித்தது, முடிக்கும்போது மணி இரண்டு. அக்காவின் செடி வெட்டும் கத்திரி துருப்பிடித்து வாயே திறக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு என் பத்து அங்குலக் கத்திரியையே எடுத்தேன். 'இதால பேப்பர் வெட்டினா கையை உடைப்பேன்' என்று வீட்டில் அத்தனை பேரையும் மிரட்டிய கத்திரி. இன்று நானே அதால் குச்சி வெட்டினேன். நல்லவேளை, பார்க்க யாருமில்லை.

காகிதப்பூவைக் கேட் உயரத்துக்கு ஒரே நேர்கோட்டில் வெட்டினேன், பாவாடை ஓரம் மாதிரி. செம்பருத்தி நான்கையும் ஒரே அளவாக்கினேன். எலுமிச்சை நடுவில் காடாக இருந்தது. கத்திரி போகாத இடத்துக்கு ரம்பம். ஒரு பெரிய கிளையை மேலிருந்து அறுத்தேன். முக்கால்வாசி அறுத்ததும் தன் பாரத்திலேயே படாரென்று விழுந்தது. விழும்போது அடிமரத்துப் பட்டையையும் ஒரு முழம் உரித்துக்கொண்டு போனது. பரவாயில்லை, ஆறிவிடும்.

கடைசியில் ரோஜா. நான்கடி உயரம், பாதி காய்ந்த குச்சி. எதை விடுவது எதை வெட்டுவது என்று தெரியவில்லை. தெரியாதபோது எல்லாவற்றையும் ஒரு சாணுக்கு வெட்டிவிட்டால் வம்பில்லை என்று தோன்றியது. வெட்டினேன்.

தையல் மிஷினில் உட்கார்ந்தபடியே இப்போது தெரு தெரிகிறது. எத்தனை வெளிச்சம்! அக்கா அசந்துபோவாள்.

பிப்ரவரி 12, புதன்

தோள் தூக்க முடியவில்லை. கத்திரியில் ஒரு பல் விழுந்திருக்கிறது. பாலியஸ்டர் துணி அந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறது.

பிப்ரவரி 20, வியாழன்

ஒன்றும் துளிர்க்கவில்லை. செம்பருத்திக் குச்சிகளின் நுனி கறுத்துக் கீழ்நோக்கி இறங்குகிறது. எலுமிச்சையில் பட்டை உரிந்த இடம் வெயிலில் வெடித்திருக்கிறது. ரோஜா — அதை ரோஜா என்று எப்படிச் சொல்வது? தரையில் நட்டு வைத்த ஆணி மாதிரி நிற்கிறது.

அக்கா போன் செய்தாள். குரலில் தெம்பில்லை.

"கத்திரி, செடிக்குத் தண்ணி ஊத்தறியா?"

கத்திரி என்பது நான்தான். நான் இந்த வீட்டுக்கு வந்த முதல் மாதம் அவள் வைத்த பெயர்.

"ஊத்தறேன்க்கா."

"ரோஜா?"

"நல்லா இருக்கு."

"மொட்டு வச்சிருக்கா?"

"...வச்சிருக்கு."

ஏன் அப்படிச் சொன்னேன்? அறுபது வயதுக்குச் சமீபத்தில் நின்றுகொண்டு, பரீட்சையில் தோற்றதை மறைக்கிற பிள்ளை மாதிரி. போனை வைத்த பிறகு காது சுட்டது.

பிப்ரவரி 23, ஞாயிறு

வேலை ஓடவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து அந்த ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது அவர் வைத்த செடி. கல்யாணமாகி மூன்றாவது வாரம். அவருடைய வெள்ளைச் சட்டையில் இஸ்திரிப் பெட்டியை மறந்து வைத்துவிட்டேன், முதுகில் முக்கோணமாகக் கருகிவிட்டது. "தையல்காரியைக் கட்டினா துணியாவது மிஞ்சும்னு நெனச்சேன்" என்று கத்திவிட்டு மதியக் காட்சிக்குப் போய்விட்டார். தியேட்டரில் படம் ஓட்டுகிற வேலை அவருக்கு. நான் சமையலறையில் அழுதேன். அக்கா, நான் நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயத்தை வாங்கிக்கொண்டு, "இப்ப வெங்காயமில்லாம அழு, எவ்வளவு நேரம் தாங்குதுன்னு பார்க்கலாம்" என்றாள். சிரிப்பு வந்துவிட்டது.

மதியக் காட்சிக்கும் மாலைக் காட்சிக்கும் நடுவில் இருபது நிமிஷம்தான் இடைவெளி. அந்த இருபது நிமிஷத்தில் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். செய்தித்தாளில் சுற்றிய ஒரு ரோஜாச் செடி. மன்னிப்பு என்ற சொல்லே வரவில்லை. "எங்க வைக்கட்டும்?" என்று மட்டும் கேட்டார். சமையலறை ஜன்னலுக்கு நேராகக் குழி தோண்டினார். கையைக் கழுவக்கூட நேரமில்லை. மண் கையோடு போய்தான் அன்று மாலைப் படத்தை ஓட்டினார்.

வெள்ளிக்கிழமைதோறும் எனக்கும் அக்காவுக்கும் இரண்டு பாஸ். ஒரே படத்தை நான்கு முறை பார்த்திருக்கிறோம். பின்வரிசைதான் எப்போதும். விளக்கு அணைந்ததும் மேலே துவாரத்திலிருந்து அவர் டார்ச்சை ஒரு முறை எங்கள் மேல் அடிப்பார். "வந்துட்டாண்டா வெளிச்சம் காட்ட" என்று அக்கா முணுமுணுப்பாள். மூத்தவர், அக்காவின் வீட்டுக்காரர், படத்துக்கே வரமாட்டார். இடைவேளை முறுக்கு மட்டும் அவருக்கு வீட்டுக்கு வரவேண்டும். அந்தத் தியேட்டர் இப்போது கல்யாண மண்டபம்.

செடியை அவர் வைத்தார். ஆனால் தண்ணீர் ஊற்றியது, உரம் போட்டது, வெட்டியது எல்லாம் அக்கா. நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. அவர் போன பிறகு இந்தப் பதினோரு வருஷமும் தினமும் காலையில் நின்று பார்த்தேன்.

பார்த்ததோடு நிறுத்தியிருக்கலாம்.

மார்ச் 3, திங்கள்

துளிர்த்துவிட்டது!! ரோஜா! அடியிலிருந்து இரண்டு துளிர், கட்டைவிரல் தடிமன். பிழைத்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

இரண்டு துளிரும் முழங்கை நீளம் வந்துவிட்டன. இவ்வளவு வேகமாக இந்தச் செடி வளர்ந்து நான் பார்த்ததே இல்லை. டீச்சரிடம் பெருமையாகக் காட்டினேன். அக்காவிடம் சொன்னது பாதி உண்மையாகிவிட்டது. மொட்டு வந்துவிட்டால் முழு உண்மை.

மார்ச் 14, வெள்ளி

செம்பருத்திக்கு மருந்து ஏதாவது கேட்கலாம் என்று நர்சரிக்குப் போனேன். நர்சரிக்காரருக்கு எங்கள் பக்கத்துத் தெருவில் மண் இறக்குகிற வேலை இருந்தது. அப்படியே என்னோடு வந்து எட்டிப் பார்த்தார். கேட்டைத் தாண்டியதும் நின்றுவிட்டார்.

"யாரும்மா வெட்டினது?"

"நான்தான்."

"எதால?"

சொன்னேன். தலையில் கை வைக்கவில்லை. அது ஒன்றுதான் அவர் செய்த மரியாதை.

செம்பருத்தியில் நான் கணுவுக்கு மேலே வெட்டவில்லை. இரண்டு கணுவுக்கு நடுவில், நீளக் குச்சி விட்டு வெட்டியிருக்கிறேன். அந்த மிச்சக் குச்சிக்குச் சத்து ஏறாது; அது காயும், காய்வது கீழே இறங்கும். துணி வெட்டும் கத்திரி தண்டை வெட்டவில்லையாம், நசுக்கியிருக்கிறதாம். நசுங்கின இடத்தில் தண்ணீர் தங்கி அழுகுகிறது. "செம்பருத்தி பொழச்சுக்கும்மா, அது நம்மள மாதிரி. எலுமிச்சைக்குச் சுண்ணாம்பு அடிங்க, வெயில் தாக்காது. பெரிய கிளைன்னா முதல்ல அடிப்பக்கமா கொஞ்சம் அறுத்துட்டுதான் மேல அறுக்கணும். அப்பதான் பட்டை உரியாது."

பிறகு ரோஜாவிடம் போனார். நான் முந்திக்கொண்டேன்: "இது நல்லா வந்துடுச்சுங்க."

அவர் குனிந்து ஒரு இலையைக் காட்டினார். "எண்ணுங்க."

ஒரு காம்பில் ஏழு சிற்றிலை.

"உங்க ரோஜாவுல அஞ்சு இருந்திருக்கும். இது உங்க செடி இல்லம்மா. இது காட்டு ரோஜா."

மண்ணை விரலால் ஒதுக்கினார். அடித்தண்டில் முட்டி மாதிரி ஒரு புடைப்பு. அதுதான் ஒட்டு. கீழே இருப்பது பலமான காட்டுச் செடி. அதன் மேல் நல்ல ரோஜாவின் கண்ணை, துளிர் கிளம்புகிற முளையை, வைத்து ஒட்டியிருக்கிறார்கள். புடைப்புக்கு மேலே வருவதுதான் ரோஜா. என் துளிர் இரண்டும் புடைப்புக்குக் கீழே. மேலே இருப்பது நான் வெட்டிவிட்ட ஒரு சாண் கட்டை. அதில் பாதி காய்ந்திருந்தது.

"அப்ப இதுல பூ?"

"அந்தப் பூ வராதும்மா."

மார்ச் 15, சனி

ஏழு ஏழா எண்ணிட்டே இருக்கேன். எத்தனை தடவை எண்ணினாலும் ஏழுதான்.

முப்பது வருஷம் ஜன்னல்ல நின்னு பார்த்தியே, ஒரு தடவையாவது இலையை எண்ணியிருக்கியா? நல்லா வேணும் உனக்கு.

மார்ச் 19, புதன்

நர்சரிக்காரர் சொன்னதையெல்லாம் செய்தேன். வளைந்த வாய் உள்ள செடிக் கத்திரி ஒன்று வாங்கினேன். ஒவ்வொரு செடிக்கும் போகுமுன் பிளேடை ஸ்பிரிட்டால் துடைத்தேன். செம்பருத்தியில் கறுத்த நுனிகளை, உள்ளே வெள்ளையும் பச்சையும் தெரிகிற இடம் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். இந்த முறை கணுவுக்குச் சற்று மேலே, சாய்வாக. எலுமிச்சையில் தொங்கிய பட்டையைச் சீராக நறுக்கிவிட்டுச் சுண்ணாம்பு பூசினேன். கால் முறிந்து கட்டுப் போட்டவனைப் போல நிற்கிறது. உரம் எதுவும் போடவில்லை. "நொந்து கிடக்கிறப்ப விருந்து வைக்காதீங்க" என்றார் அவர். காகிதப்பூ மட்டும் கவலையே இல்லாமல் இலையாகக் கொட்டுகிறது. தண்ணீரைக் குறைத்தால்தான் அது பூவைப் பற்றி யோசிக்குமாம்.

ரோஜாவின் காட்டுத் துளிர்களை வெட்டக் கூடாது, பிறந்த இடத்தோடு பிய்த்து எடுக்க வேண்டும். வெட்டினால் ஒன்று மூன்றாக வரும். பிய்க்கக் கை வரவில்லை. அந்த இரண்டு துளிரையும் பார்த்துத்தானே பத்து நாள் சந்தோஷமாக இருந்தேன்? கண்ணை மூடிக்கொண்டு கீழ்நோக்கி இழுத்தேன். வந்துவிட்டது.

காய்ந்த கட்டையைச் சீவிக்கொண்டே வந்தேன். புடைப்புக்கு மேலே இரண்டு விரற்கடை அளவு இன்னும் பச்சை. சுவர்ப் பக்கமாக ஒரு கடுகு அளவு சிவப்பு. கண்ணா, வடுவா? தெரியவில்லை. ஒரு பழைய மெத்தை உறையை நான்கு குச்சியில் கட்டி நிழல் போட்டிருக்கிறேன்.

மார்ச் 27, வியாழன்

பெரியவன் போன் செய்தான். அக்காவின் மகன். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாத பிள்ளை, இன்று ஊரைச் சுற்றிக்கொண்டு வந்தான்.

"சித்தி, அம்மா இங்கேயே இருந்துடட்டும்னு பார்க்கிறோம்."

"ஏன்டா, நடக்கிறாங்கன்னு சொன்னியே."

"எங்க நடக்கிறாங்க? பிசியோ வந்தா கண்ணை மூடிட்டுப் படுத்துக்கிறாங்க. வாக்கர் மேல துணி காயுது. 'நடந்து எங்க போகப்போறேன்'ங்கிறாங்க. இந்த நிலைமையில அங்க வந்தா நீங்க ஒருத்தரா எப்படிப் பார்ப்பீங்க?"

அவன் சொன்னது நியாயம்தான். "நீங்களும் இங்க வந்துடுங்க சித்தி" என்றும் சொன்னான். மனசார சொன்னான். இரண்டு அறை வீடு. அதில் என் மிஷினை எங்கே போடுவது, என்னை எங்கே போடுவது?

"உங்ககிட்ட செடியைப் பத்திப் பேசுறப்ப மட்டும்தான் முகம் கொஞ்சம் மாறுது. மொட்டு வந்திருக்குன்னு சொன்னீங்களாமே. ஒரு ஃபோட்டோ அனுப்புங்களேன்."

அனுப்புகிறேன் என்றேன்.

மார்ச் 28, வெள்ளி

போன வருஷத்துப் பூவின் படம் என் போனில் இருக்கிறது. விரல் அனுப்பும் பொத்தான் வரைக்கும் போனது.

முடியவில்லை. அவளிடம் ஒரு பொய் சொன்னதே நெஞ்சில் மீன் முள்ளாக நிற்கிறது. கூப்பிட்டேன்.

"அக்கா, செடியை வெட்டிட்டேன்."

"எதை?"

"எல்லாத்தையும்."

"...ரோஜாவை?"

"ஒரு சாணுக்கு."

"எதால வெட்டினே?"

"என் கத்திரியால."

"உன் கத்திரியாலயா! பேப்பர் வெட்டினதுக்கு என் பிள்ளையை அடிச்சியே, அந்தக் கத்திரியாலயா?"

"ஆமாக்கா."

"ஒட்டுக்கு மேலயா, கீழயா?"

"மேலதான். ரெண்டு விரற்கடை பச்சையா இருக்கு. மொட்டுன்னு சொன்னது பொய்."

பிறகு, மூன்று மாதமாக நான் கேட்காத குரலில்: "இனிமே எதையாவது தொட்டே, கையை ஒடிச்சிடுவேன். போனை வை."

வைத்தேன். திட்டு வாங்கிய பிறகு இவ்வளவு நிம்மதியாக இருந்து ரொம்ப நாளாயிற்று.

மார்ச் 30, ஞாயிறு

பெரியவன்: "சித்தி, அம்மாகிட்ட என்ன சொன்னீங்க? வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாக்கர்ல இருந்த துணியெல்லாம் தூக்கிப் போட்டுட்டு வாசக்கதவு வரைக்கும் போயிட்டாங்க. இன்னைக்கு லிஃப்ட் வரைக்கும். பிசியோகாரர் கால்ல வலி இருக்கான்னு கேட்டா, 'என் வலி அங்க தோட்டத்துல நிக்குது, நீ நடத்து'ன்னு அதட்டுறாங்க."

ஏப்ரல் 17, வியாழன்

வந்துவிட்டாள். இரண்டு மாதம் மட்டும், பிறகு திரும்ப அழைத்துப்போவேன் என்று பெரியவன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுத்தான் போனான்.

இளைத்திருக்கிறாள். தோளில் எலும்பு. காரிலிருந்து இறங்கியதும் வீட்டுக்குள் வரவில்லை, நேராகத் தோட்டம். வாக்கரை ஒவ்வொரு செடியிடமும் நிறுத்தி, ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் வார்டைப் பார்ப்பது போலப் பார்த்தாள். சுண்ணாம்பு எலுமிச்சை முன்னால், "இதுக்கு வேட்டி கட்டி விட்டது யாரு?" என்றாள். செம்பருத்தியில் புதுத் துளிர்களைத் தடவினாள். ரோஜாவின் மெத்தை உறைப் பந்தலைப் பார்த்ததும் வாக்கரை வீட்டுப் பக்கம் திருப்பிவிட்டாள்.

ஏப்ரல் 18, வெள்ளி

இதை எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

காலையில் அக்காவுக்கு நாற்காலி போட்டு ரோஜா பக்கத்தில் உட்காரவைத்தேன். டீ கொண்டுவந்தேன். கொடுக்கும்போதே அழுகை வந்துவிட்டது. "மன்னிச்சிடுங்கக்கா. அவர் வச்சது ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. அதையும் என் கையாலயே..."

அக்கா டீயைக் கீழே வைத்தாள்.

"அழாதே. அவன் வச்சது இது இல்ல."

நான் புரியாமல் பார்த்தேன்.

"அவன் வச்சது, அவன் போன அதே வருஷம் செத்துப்போச்சு. நான்தான் கொன்னேன். நீ ரெண்டு மாசம் அறையை விட்டு வெளியில வரல. எனக்கும் கையும் காலும் ஓடல. என்னத்தையாவது வெட்டணும் போல இருந்துச்சு. கொளுத்துற வெயில்ல, அதுவும் அடியோட வெட்டினேன். பத்தே நாள்ல காஞ்சுடுச்சு. நீ வெளியில வந்தா முதல்ல அந்த ஜன்னல்லதான் நிப்பேன்னு தெரியும். அதான் நீ வர்றதுக்குள்ள வேற வாங்கிட்டு வந்து அதே குழியில வச்சேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? நீ வந்து நின்னு, 'பாருங்கக்கா, அவர் போனாலும் இது துளிர்த்திருக்கு'ன்னே. முதல் தடவையா அன்னைக்குத்தான் நீயா கேட்டு ஒரு வாய் சாப்பிட்டே."

எழுந்து உள்ளே வந்துவிட்டேன்.

ஏப்ரல் 19, சனி

பேசவில்லை. சாப்பாட்டை மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

பதினோரு வருஷமா தினமும் காலையில யாருகிட்ட பேசிட்டிருந்தேன்?

ஏப்ரல் 21, திங்கள்

இரண்டு நாளாக மிஷினை ஓட்டிக்கொண்டே யோசித்தேன். சீருடை முழுவதும் கோணல்.

எனக்கு அந்த வருஷம் ஞாபகம் இருக்கிறது. பூ கொஞ்சம் வெளுத்திருந்தது. நான் கேட்டேன்கூட. "உரம் மாத்திட்டேன்" என்றாள். நான் நம்பினேன். அவளுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. மூத்தவர் அதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான் போயிருந்தார். அவளுக்காக யாரும் எந்தக் குழியிலும் எதையும் நட்டுவைக்கவில்லை. அவளும் தனியாகத்தானே இருந்தாள்? வீட்டில் இரண்டு பேர் துக்கத்தில் இருந்தோம். ஒருத்திக்குத்தான் சாப்பாடு போய்க்கொண்டிருந்தது. அதைக் கொண்டுவந்தவள் சாப்பிட்டாளா என்று நான் பார்க்கவே இல்லை.

மதியம் அவள் அறைக்குப் போனேன். படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிறம் அப்பவே கொஞ்சம் வெளுப்புதான்" என்றேன்.

திரும்பிப் பார்க்காமலே, "நாலு நர்சரி அலைஞ்சேன். கடைசிப் பூவை டிபன் பாக்ஸ்ல போட்டுட்டுப் போனேன். நாலாவது கடைக்குப் போறதுக்குள்ள அது கறுத்துப்போச்சு. கறுத்த பூவுக்கு எவன் மேட்சிங் பார்ப்பான்?"

"என்னைக் கூட்டிட்டுப் போயிருக்கணும். மேட்சிங் பார்க்கிறதுதான் என் தொழில்."

"ஆமா, உன்னைக் கூட்டிட்டுப் போய், 'இந்தச் சிவப்பா அந்தச் சிவப்பா, உனக்குத் தெரியாம மாத்தணும்'னு கேட்டிருக்கணும்."

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. அவளுக்கு இடுப்பு வலிக்க வலிக்கச் சிரிப்பு. "ஐயோ, தையல் பிரியுது, நிறுத்துடி" என்றாள். தையல் பிரித்து மூன்று மாதமாகிறது.

அவளுக்குத் தலைவாரிவிட்டேன். எவ்வளவு நரைத்துவிட்டது.

மே 6, செவ்வாய்

கடுகு அளவுச் சிவப்பு, கண்தான். வடு இல்லை.

இன்று விரல்நகம் அளவு விரிந்திருக்கிறது. புடைப்புக்கு மேலே. அக்கா பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு குனிந்தாள். இடுப்பை மறந்துபோய் அவ்வளவு குனிந்தாள். எண்ணினாள். ஐந்து.

ஜன்னலில் நின்று பார்த்தேன். முன்னெல்லாம் அந்தச் செடியைப் பார்த்தால் அவர் முகம்தான் வரும். இன்று டிபன் பாக்ஸோடு பஸ்ஸில் போகிற அக்கா வந்தாள். கூடவே மண் கையோடு சைக்கிளில் அவரும். இரண்டு பேருமே எதுவும் சொல்லாமல் குழி தோண்டுகிற ஆட்கள்.

மே 25, ஞாயிறு

பெரியவன் போன். ஜூன் நடுவில் வந்து அழைத்துப்போகிறானாம்.

அக்கா: "காகிதப்பூவை இப்பதான்ப்பா சரிபண்ணி வெட்டியிருக்கோம். பூ வைக்கிறதைப் பார்க்காம எப்படி வர்றது? நாற்பது நாளாவது ஆகும்."

வெட்டியது உண்மை. போன வாரம் இரண்டு பேருமாக வெட்டினோம். அவள் நாற்காலியிலிருந்து கைத்தடியால் காட்டுவாள், நான் வெட்டுவேன், "அது இல்ல, பக்கத்துல" என்பாள், அதற்குள் நான் வெட்டியிருப்பேன், ஒரு சண்டை, பிறகு டீ. இப்போது வாக்கர் இல்லை. கைத்தடி மட்டும். பாதி நேரம் அதுவும் செடி காட்டத்தான் பயன்படுகிறது.

ஜூன் 15, ஞாயிறு

காகிதப்பூ கேட் முழுக்கப் பூத்துவிட்டது. தண்ணீரைக் குறைத்ததில் இலை எது பூ எது என்று தெரியாத அளவுக்குப் பூ. டீச்சர் படம் எடுத்துக்கொண்டு போனாள். ரோஜா ஒன்றரை அடி. மொட்டு இல்லை. அவசரமுமில்லை.

காலையில் பெரியவன் போன். பக்கத்திலிருந்ததால் எல்லாம் கேட்டது.

"அம்மா, காகிதப்பூ பூத்துடுச்சுன்னு சித்தி ஃபோட்டோ அனுப்பிச்சாங்க. இந்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வர்றேன். ரெடியா இருங்க."

அக்கா என்னை முறைத்தாள். நான் நூல்கண்டில் முடிச்சு தேடினேன்.

"இல்லப்பா. செம்பருத்தியை நேத்துதான் வெட்டினோம். அது பாவம், சித்தி ஏற்கெனவே ஒரு தடவை நாசம் பண்ணினது. துளிர் நல்லபடியா பிடிக்கிற வரைக்கும் நகர முடியாது. இவகிட்ட விட்டுட்டு வந்தா என்ன ஆகும்னு உனக்கே தெரியும்."

"அம்மா..."

"வைக்கிறேன். வாசல்ல யாரோ வந்திருக்காங்க."

வாசலில் யாருமில்லை. செம்பருத்தியை நாங்கள் தொடவும் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், நான்கும் அடர்ந்து நின்றன.

அக்கா போனைத் தலையணைக்கு அடியில் வைத்தாள். கட்டிலைப் பிடிக்காமல் எழுந்தாள். அலமாரியிலிருந்து செடிக் கத்திரியை எடுத்து, ஸ்பிரிட்டில் துடைத்து, என் கையில் கொடுத்தாள்.

"வா. பிள்ளைகிட்ட சொன்னது பொய்யாகிடக் கூடாது."

வெயில் ஏறுவதற்குள் போனோம். முதல் செடியில் இரண்டு கிளை, கணுவுக்கு மேலே, சாய்வாக. அடுத்ததற்குக் கையைக் கொண்டுபோனேன். கைத்தடி குறுக்கே வந்தது.

"எல்லாத்தையும் இன்னைக்கே வெட்டிடாதேடி. அடுத்த மாசமும் அவன் போன் பண்ணுவான்."